உறைமண்ணும் லார்ச் காடும்: ‘நிரந்தரம்’ என்னும் சொல்லாடல் குறித்து

1

ரஷ்யாவில் யெனிசெய் ஆற்றைத் தாண்டிக் கிழக்கே போனால், பசிபிக் கடலை நெருங்கும் வரை பெரும்பாலும் ஒரே மரம்தான். அதன் பெயர் லார்ச். அதன் வேருக்குக் கீழே கோடையிலும் உருகாத மண். உலகத்தின் மிகப் பெரிய காடுகளில் ஒன்றான இதைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே ஒரு சொல் குறுக்கே நிற்கிறது. அந்த மண்ணை நாம் ‘நிரந்தர உறைபனி’ என்கிறோம். இந்த ‘நிரந்தரம்’ எங்கிருந்து வந்தது?

விஞ்ஞானம் வைத்திருக்கும் வரையறை ரொம்பச் சாதாரணமானது. தொடர்ந்து இரண்டு வருஷம் பூஜ்யம் டிகிரிக்கு மேலே போகாத மண்ணோ பாறையோ எதுவானாலும் இந்தப் பெயருக்கு உரியது. இரண்டே வருஷம். இதில் நிரந்தரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் பெயர் வேறு கதை சொல்கிறது. மிகாயில் சூம்கின் என்ற ரஷ்ய அறிஞர் 1927இல் வெளியிட்ட புத்தகத்தின் வழியாக ‘என்றென்றைக்குமான உறைவு’ என்ற ரஷ்யத் தொடர் ஒரு துறையின் பெயராகவே நிலைத்துவிட்டது. 1943இல் அமெரிக்க ராணுவத்தின் உபயோகத்துக்காக சைமன் முல்லர் என்ற புவியியலாளர் ஓர் அறிக்கை தயாரித்தார். ரஷ்யத் தொடரைச் சுருக்கி ஆங்கிலத்தில் ‘பெர்மாஃப்ராஸ்ட்’ என்று அவர்தான் பெயர் வைத்தார். நம் ‘நிரந்தர உறைபனி’ அதன் பேரப்பிள்ளை. சோவியத் திட்டமிடலிலிருந்து அமெரிக்க ராணுவத்துக்கு, அங்கிருந்து நம் பாடப்புத்தகத்துக்கு என்று இந்த ‘நிரந்தரம்’ பயணம் செய்திருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சூம்கினே இந்த உறைவு நிரந்தரமானது என்று நம்பியவர் இல்லை. பனியூழியின் மிச்சமான இது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வருகிறது என்பதுதான் அவர் கருத்து. ‘என்றென்றைக்கும்’ என்ற சொல் தவறானது, உறைவை ஒரு பொருளாகப் பார்க்காமல் நிகழ்வாகப் பார்க்க வேண்டும் என்று சோவியத் அறிஞர்களுக்குள்ளேயே எதிர்ப்பும் எழுந்தது. ஆனாலும் சொல் ஜெயித்துவிட்டது. ஒரு நிலத்தை ‘நிரந்தரம்’ என்று சொல்லிவிட்டால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அது பாட்டுக்கு இருக்கும். அதன்மேல் எதை வேண்டுமானாலும் செய்யலாம்.

நான் இந்தக் கட்டுரையில் ‘உறைமண்’ என்றே எழுதப் போகிறேன். சொல்லை மாற்றினால் பனி காப்பாற்றப்பட்டுவிடும் என்ற பிரமை எனக்கு இல்லை. ஆனால் லார்ச் காட்டைப் பாதுகாப்பது என்றால் என்ன என்ற கேள்வி, அந்தக் காட்டை எந்த மொழியில் புரிந்துகொள்கிறோம் என்பதோடு ஒட்டிக்கிடக்கிறது. அதைக் காட்டுவதுதான் இங்கே நோக்கம்.

2

முதலில் மரத்தைப் பார்ப்போம். ஊசியிலை மரங்கள் என்றால் எப்போதும் பச்சையாக நிற்பவை என்று படித்திருக்கிறோம். லார்ச் இந்த விதிக்குள் அடங்காது. இலையுதிர் காலத்தில் அதன் ஊசிகள் எல்லாம் மஞ்சளாகிக் கொட்டிவிடும். மொட்டை மரமாகக் குளிர்காலத்தைக் கழிக்கும். காரணம் எளிது. மண்ணே கல்லாக உறைந்து கிடக்கும்போது வேரால் தண்ணீர் எடுக்க முடியாது. அந்த நேரத்தில் இலையை வைத்துக்கொண்டிருந்தால் காய்ந்து சாக வேண்டியதுதான். ஆகவே இலையிலிருக்கும் சத்தை உள்ளே இழுத்துக்கொண்டு அதை உதிர்த்துவிடுகிறது. ரஷ்யர்கள் காட்டையே இந்த அடிப்படையில் இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஸ்ப்ரூஸ், ஃபிர் மரங்கள் அடர்ந்தது இருள் தைகா. வெயிலைத் தரைவரை விடும் லார்ச்சும் பைனும் நிற்பது ஒளித் தைகா.

சைபீரியாவின் மேற்கில் சைபீரிய லார்ச். கிழக்கே போகப்போக தகூரிய லார்ச். அதற்கும் கிழக்கே, லேனா ஆற்றுக்கு அப்பால், கயாண்டர் லார்ச். தைமிர் தீபகற்பத்தில் ஆரி-மாஸ் என்ற இடத்தில், 72 டிகிரி வட அட்சத்தையும் தாண்டி, தகூரிய லார்ச் ஒரு சின்னக் காடாக நிற்கிறது. உலகத்தில் அதற்கு வடக்கே காடு என்று சொல்லத்தக்கது அநேகமாக இல்லை.

இனி மண். யாகுட்ஸ்க் நகரத்தில் ஷெர்கின் என்ற வர்த்தகர் 1828இல் கிணறு தோண்ட ஆரம்பித்தார். தண்ணீர் வரவில்லை, மண் உறைந்தே கிடந்தது. விடாமல் 1837 வரை தோண்டி 116 மீட்டர் ஆழம் போனார்கள். அப்போதும் உறைமண் முடியவில்லை. 1840களில் மிடெண்டோர்ஃப் என்ற அறிஞர் அந்தக் கிணற்றுக்குள் வெப்பநிலையை அளந்தார். உறைமண் பற்றிய விஞ்ஞானம் தண்ணீர் கிடைக்காத அந்தக் கிணற்றில் இருந்துதான் புறப்பட்டது என்று சொல்லலாம்.

இந்த ஊரில் வருஷத்துக்குப் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து ஏறக்குறைய 240 மில்லிமீட்டர்தான். ஜனவரியில் சராசரி மைனஸ் 38, 40 டிகிரி; ஜூலையில் 19, 20. இவ்வளவு குறைந்த மழையில், இவ்வளவு சூடான கோடையில், சாதாரணமாகப் புல்வெளிதான் இருக்க வேண்டும். காடு எப்படி வந்தது? பதில் காலுக்குக் கீழே இருக்கிறது. கோடையில் மண்ணின் மேலடுக்கு மட்டும், ஒரு மீட்டரோ ஒன்றரை மீட்டரோ, இளகும். அதற்குக் கீழே பனிப்பாறை மாதிரி மண். மேலே விழுகிற தண்ணீர் அதைத் தாண்டி இறங்க முடியாது. மரத்தின் கைக்கெட்டும் ஆழத்திலேயே நின்றுவிடுகிறது. இலையுதிர் காலத்து ஈரம் அப்படியே பனியாக உறைந்து, அடுத்த கோடையில் மெல்லமெல்லக் கரைந்து வேருக்கு வருகிறது. யாகுட்ஸ்க் அருகே ஸ்பாஸ்கயா பாத் என்ற ஆய்வு நிலையத்தில் ரஷ்ய, ஜப்பானிய விஞ்ஞானிகள் மரத்துக்குள் ஏறும் தண்ணீரின் ஐசோடோப்புகளைப் பிரித்துப் பார்த்தார்கள். மழை பொய்த்த கோடைகளில் லார்ச் குடித்தது கரைந்த பனியைத்தான் என்று தெரிந்தது.

இது பாதிக் கதை. மறுபாதி, மரம் மண்ணுக்குச் செய்வது. கிளைகள் நிழல் தருகின்றன. உதிர்ந்த ஊசிகளும் அவற்றின்மேல் படரும் பாசியும் லைக்கனும் தரையில் கம்பளி மாதிரி மூடிக்கொள்கின்றன. கோடை வெயிலின் சூடு கீழே இறங்காமல் அந்தக் கம்பளி தடுக்கிறது. அது இருக்கும் வரைதான் இளகும் அடுக்கு ஒரு மீட்டரோடு நிற்கும். அதை உரித்துவிட்டால் அடுத்த கோடையிலேயே ஆழம் கூடிவிடும். பாசி உயர்ந்துகொண்டே போய்ப் பழைய வேர்கள் குளிர்ந்துபோனால், லார்ச் தண்டின் மேல்பகுதியிலிருந்து புது வேர் விட்டுக்கொள்ளும். முந்நூறு வருஷ மரம்கூடச் சில இடங்களில் மெலிந்த கம்பு மாதிரிதான் இருக்கும்.

ஆக, இங்கே ‘மரம்’ என்று ஒன்றைத் தனியாகவும் ‘மண்’ என்று ஒன்றைத் தனியாகவும் எடுத்துப் பேச முடியாது. நிலமும் பொழுதும் சேர்ந்ததுதான் முதற்பொருள் என்று இலக்கணத்தில் படித்த நமக்கு இது புரியச் சிரமமில்லை. உறைமண் என்பது நிலம்தான். அதே சமயம் போன குளிர்காலத்தை இந்தக் கோடைக்குச் சேமித்து வைக்கிற பொழுதும்தான். ஆனால் இந்த உறவை ஏதோ அழியாத சமநிலை என்று எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. 2005 முதல் 2008 வரை யாகுட்ஸ்க் வட்டாரத்தில் வழக்கத்துக்கு மேல் மழையும் பனியும் இறங்கின. கீழே இறங்க வழியில்லாத தண்ணீர் வேரைச் சுற்றித் தேங்கியது. லார்ச்சுகள் பழுத்து நின்றே செத்தன. எது தாகத்தில் காப்பாற்றியதோ அதுவே மூழ்கடிக்கவும் செய்தது.

3

லேனா ஆற்றின் நடுப்பகுதியிலும் வடக்கே தாழ்ந்த சமவெளிகளிலும் மண்ணுக்குள் சும்மா ஈரம் உறைந்து கிடக்கவில்லை. பனியூழியில் உருவான பெரிய பெரிய பனி ஆப்புகள் புதைந்து கிடக்கின்றன. சில இடங்களில் மண்ணின் கன அளவில் பாதிக்கு மேல் வெறும் பனி. அங்கே மேலேயுள்ள காட்டை அழித்தால் பனி உருகும். உருகினால் நிலம் உட்காரும். தண்ணீர் தேங்கும். தேங்கிய தண்ணீர் இன்னும் சூட்டை உள்ளே இறக்கும். நிமிர்ந்து நின்ற மரங்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்துவிடும். ரஷ்யர்கள் இதைக் ‘குடிகாரக் காடு’ என்கிறார்கள்.

இந்தப் பகுதியின் மக்கள் சகா. வெளியார் வைத்த பெயர் யாகுட். துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி பேசுகிறவர்கள். குதிரையும் மாடும் வளர்ப்பவர்கள். இவர்களோடு ஈவென்கி, ஈவென், யுககீர் மக்களும் இருக்கிறார்கள். நிலம் உட்காருவதற்கு சகா மொழியில் ஒரே சொல் இல்லை. வரிசையாகச் சொற்கள் இருக்கின்றன. பனி ஆப்புகள் உருகி நிலம் மேடும் பள்ளமுமாக ஆனால் ‘பில்லார்’. பள்ளங்கள் சேர்ந்து ஒரு குழிவாகித் தண்ணீர் தேங்கினால் ‘த்யூத்யா’. அது வட்டமான ஆழமான ஏரியாக வளர்ந்தால் ‘தீம்ப்பி’. ஏரி வற்றி, அகன்ற புல்வெளியும் நடுவே கொஞ்சம் தண்ணீருமாக நின்றுவிட்டால் ‘அலாஸ்’. சோவியத் காலத்து உறைமண் ஆய்வாளர்கள் இந்த நிகழ்வை விளக்கத் தங்களிடம் சொல் இல்லாமல் சகா சொற்களையே எடுத்துக்கொண்டார்கள். உலக விஞ்ஞானத்தில் ‘அலாஸ்’ இன்று கலைச்சொல்.

இரண்டு மொழிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு மொழி ‘என்றென்றைக்கும்’ என்கிறது. இன்னொன்று, இது இன்னதாகி, அப்புறம் இன்னதாகி, கடைசியில் இன்னதாகும் என்கிறது. முன்னது தலைநகரத்திலிருந்து வரைபடத்தைப் பார்த்துச் சொன்னது. பின்னது அந்த நிலத்தில் வைக்கோல் அறுத்துக் குதிரை மேய்த்துச் சொன்னது. சூம்கினை எதிர்த்தவர்கள் ‘நிகழ்வு’ என்று எதை வாதாடினார்களோ அது பக்கத்து மொழியில் அன்றாடப் பேச்சாகவே இருந்தது.

இதை வைத்துக்கொண்டு ‘ஆதிக்குடி ஞானம்’ என்று கற்பூரம் காட்ட எனக்கு விருப்பமில்லை. அலாஸ் புல்வெளிகள் பெரும்பாலும் எட்டு, ஒன்பதாயிரம் வருஷத்துக்கு முன் பூமி சூடான காலத்தில் ஆரம்பித்தவை. நிலம் இடிந்ததன்மேல்தான் சகா சமூகம் தன் மேய்ச்சலைக் கட்டிக்கொண்டது. அப்படியானால் இன்றைக்கு இடிவதும் நல்லதுதானே என்று ஒருவர் கேட்கலாம். ஆயிரக்கணக்கான வருஷத்தில் நடந்தது வேறு, ஒரு மனுஷ ஆயுசுக்குள் நடப்பது வேறு. சுராப்சா மாவட்டத்தில் சோவியத் காலத்தில் காடு வெட்டி உழுத வயல்கள் இன்று பில்லார் மேடுகளாகக் கிடக்கின்றன. டிராக்டர் ஓட்ட முடியாது. வீடு கட்ட முடியாது. அலாஸ் ஆகும் வரை காத்திருக்க எந்தத் தலைமுறைக்கும் ஆயுள் இல்லை.

இதன் உச்சமான உதாரணம் வெர்கயான்ஸ்க் பக்கத்தில் உள்ள பதகாய்க்கா. 1960களில் அங்கே ஒரு சரிவில் காட்டை அழித்தார்கள். தரை வெறுமையானது; பனி உருக ஆரம்பித்தது. முதலில் ஒரு ஓடை மாதிரி அரிப்பு. இன்று ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் அகலத்துக்கு நிலம் பிளந்து கிடக்கிறது. அதன் சுவர் ஐம்பது மீட்டருக்கும் மேல் உயரம். அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் வாய் மூடவில்லை; வருஷா வருஷம் பின்னோக்கித் தின்றுகொண்டே போகிறது. வெட்டிய மரத்துக்குப் பதில் மரம் நட்டு இதைச் சரிசெய்ய முடியாது. நடுவதற்கு அங்கே நிலமே நிற்கவில்லை.

4

‘நிரந்தரம்’ என்பதோடு எப்போதும் ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு சொல் ‘காலி’. சகா குடியரசின் பரப்பு முப்பது லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். இந்தியாவைவிடக் கொஞ்சம்தான் சின்னது. ஜனத்தொகை ஏறக்குறைய பத்து லட்சம். மாஸ்கோவின் பார்வையில் இது ஆளில்லாத இடம். ஆளில்லாத இடத்தில் என்னென்ன செய்யலாம் என்பதற்கு இருபதாம் நூற்றாண்டே சாட்சி.

1930களில் கோலிமாவில் தங்கம் எடுக்க ‘தால்ஸ்த்ரோய்’ என்ற அமைப்பு கைதிகளைக் கொண்டுபோய்க் குவித்தது. சுரங்கத்துக்கு முட்டுக்கொடுக்கவும் அடுப்பெரிக்கவும் லார்ச் காடுகள் வெட்டப்பட்டன, வெட்டியவர்களும் கைதிகள்தான். அங்கே சிறையிருந்த வர்லாம் ஷலாமவ் 1966இல் ‘லார்ச்சின் உயிர்த்தெழுதல்’ என்றொரு கதை எழுதினார். கோலிமாவிலிருந்து தபாலில் வந்த காய்ந்த லார்ச் கிளை ஒன்று மாஸ்கோ வீட்டில் தண்ணீர்க் குவளைக்குள் துளிர்ப்பதுதான் விஷயம். உறைமண்ணில் புதைத்த உடல்கள் அழுகுவதில்லை என்பதையும் ஷலாமவ் தம் கோலிமாக் கதைகளில் எழுதியிருக்கிறார். அரசு மறைக்க நினைத்ததை மண் வைத்துக்கொண்டிருந்தது. இன்று அந்த மண் உருகுவது வெறும் பருவநிலைப் பிரச்சினை என்று எழுத்தாளர்களாகிய நாம் எடுத்துக்கொள்ள முடியாது.

அப்புறம் அணுகுண்டு. ‘சமாதான நோக்கத்துக்கான அணு வெடிப்பு’ என்ற பெயரில் 1974க்கும் 1987க்கும் இடையில் யாகுட்டியாவில் மட்டும் பன்னிரண்டு முறை நிலத்தடியில் வெடித்தார்கள். ஒன்று, வைரச் சுரங்கத்துக்கு அணை கட்ட. சில, பூமிக்குள் என்ன இருக்கிறது என்று அதிர்வை வைத்துப் பார்க்க. 1978 ஆகஸ்டில் ‘க்ராத்தோன்-3’ வெடிப்பில் கதிரியக்கம் மேலே கசிந்து லார்ச் காட்டின்மேல் படர்ந்தது. மரங்கள் நின்றபடியே பட்டுப்போயின. உலக வரைபடத்தில் அது காலி இடம். அங்கே வேட்டைக்குப் போகிறவனுக்குக் காலி இல்லை.

5

இப்போது நெருப்புக்கு வருகிறேன். இங்கேதான் சொல்லாடல், அதிகாரம் என்று நாம் பக்கம் பக்கமாக எழுதுகிற விஷயம் ரூபாய் அணா கணக்காக மாறுகிறது.

லார்ச் காட்டுக்கு நெருப்பு புதிதல்ல. நெருப்பு கடந்துபோன பிறகு பாசி எரிந்து வெறும் மண் தெரியும் இடத்தில்தான் லார்ச் விதை நன்றாக முளைக்கிறது. எரிந்த வருஷங்களில் இளகும் அடுக்கு ஆழமாகும். இளங்காடு வளர்ந்து பாசி மறுபடி மூடினால், சில பத்தாண்டுகளில் உறைமண் தன் பழைய நிலைக்குத் திரும்பும். மண்ணில் பனி குறைவாக இருந்தால், அடுத்த நெருப்பு வர நாளானால், கோடை சூடேறாமல் இருந்தால் - இத்தனை ‘ஆல்’களும் கைகூடினால்தான் இது நடக்கும். 2020 ஜூன் 20 அன்று வெர்கயான்ஸ்கில் 38 டிகிரி பதிவானது. உலக வானிலை அமைப்பு அதை ஏற்றுக்கொண்டது. அதே ஊரில் குளிர்காலப் பதிவு மைனஸ் 67.8. நெருப்பு அடிக்கடி வந்தால் விதை தரும் வயது வருமுன்பே இளம் லார்ச்சுகள் எரிந்துபோகும். அங்கே பிர்ச் மரமோ புல்லோ ஏறிவிடும். கரிமண் அடுக்குக்குள் கனன்றுகொண்டே குளிர்காலத்தைக் கடந்து, வசந்தத்தில் மறுபடி மேலே வரும் நெருப்பும் உண்டு.

அரசு என்ன செய்தது? 2007இல் அமலுக்கு வந்த வனச் சட்டம் காட்டைக் காக்கும் பொறுப்பைப் பிராந்தியங்களின் தலையில் கட்டியது. சோவியத் காலத்திலிருந்து ஒன்றாக இயங்கிய வான்வழித் தீயணைப்பு அமைப்பு துண்டுதுண்டானது. 2015இல் இயற்கை வள அமைச்சகம் ஓர் ஆணை போட்டது. அதன்படி தொலைதூரக் காடுகள் ‘கட்டுப்பாட்டு மண்டலம்’ ஆயின. அந்த மண்டலத்தில் தீப்பிடித்தால், அணைக்க ஆகும் செலவு தீயால் வரும் நஷ்டத்தைவிட அதிகம் என்று கணக்கு வந்தால், அணைக்காமல் விட்டுவிடலாம். பெயரைக் கவனியுங்கள்: எதையும் கட்டுப்படுத்த வேண்டாத இடத்துக்குப் பெயர் ‘கட்டுப்பாட்டு’ மண்டலம்.

நஷ்டக் கணக்கில் எது வரும்? விற்கக்கூடிய மரம் வரும். குடியிருப்பு, சாலை, மின்கம்பி வரும். மெலிந்த லார்ச்சுக்குச் சந்தையில் என்ன விலை? சாலையே இல்லாத இடத்தில் வெட்டி எடுத்துப்போகவும் வழியில்லை. ஆகவே நஷ்டம் பூஜ்யத்துக்குப் பக்கம். வேருக்குக் கீழே பனியைத் தாங்கிப் பிடித்திருக்கும் வேலைக்கு அந்தப் பேரேட்டில் பத்தியே கிடையாது. வடக்கத்திய உறைமண்ணுக்குள் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் கோடி டன் கார்பன் உறைந்து கிடக்கிறது. காற்றுமண்டலத்தில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அதற்கும் பத்தி கிடையாது. வேட்டைக்காரன் வழித்தடமும், மான் மேய்க்கும் ஈவென்கிக் குடும்பத்தின் பாசி நிலமும் எழுதப்படவே இல்லை.

2019இல் சைபீரியா முழுக்கப் புகை சூழ்ந்து ஜனங்கள் கொதித்தபோது, கிராஸ்நோயார்ஸ்க் ஆளுநர் தொலைதூரக் காட்டுத்தீயை அணைப்பதே அர்த்தமற்ற வேலை என்று பேசினார். 2021இல் யாகுட்டியாவில் மட்டும் எண்பது லட்சம் எக்டேருக்கும் மேல் எரிந்தது. அந்த ஆகஸ்டில் புகை வட துருவம் வரை போனதை நாசாவின் செயற்கைக்கோள் பதிவுசெய்தது. அதே மாதம் பியாஸ்-குயோல் கிராமத்துக்குள் தீ புகுந்து முப்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. பல ஊர்களில் மண்வெட்டியும் முதுகில் தண்ணீர்ப் பையுமாகத் தீக்கு எதிரே நின்றவர்களில் ஊர்க்காரர்களும் தொண்டர்களும் ஏராளம். ‘கட்டுப்பாட்டு மண்டலங்கள்’ பின்னர் குறைக்கப்பட்டன. ஆனால் அந்தக் கணக்குப் போடும் முறை ஒழியவில்லை.

அதே 2021இன் அக்டோபரில் ரஷ்ய அரசு 2060க்குள் கார்பன் வெளியீட்டைச் சமன்செய்யப் போவதாகத் திட்டம் வெளியிட்டது. அதில் பெரிய பாரத்தைக் காடுகளின் தலையில் ஏற்றியிருக்கிறார்கள். இப்போது வருஷத்துக்கு 53.5 கோடி டன் உறிஞ்சுகிற காடும் நிலமும் 2050இல் 120 கோடி டன் உறிஞ்சுமாம். தீ எரியும்போது ஒன்றுக்கும் உதவாத மரம், கணக்குக் காட்டும்போது தேசத்தின் சொத்து. இதை வெறும் கபட நாடகம் என்று ஒதுக்கிவிட நான் தயாரில்லை. இரண்டும் ஒரே கண்ணோட்டத்தின் விளைவுகள். காட்டை மண்ணிலிருந்தும் மனிதரிலிருந்தும் பிரித்து எடுத்தால்தான் அதை ஒரு பேரேட்டில் பூஜ்யமாகவும் இன்னொன்றில் கோடியாகவும் எழுத முடியும்.

6

சரி, பாதுகாப்பு என்றால் என்ன? இன்று களத்தில் இருக்கும் மூன்று பதில்களைச் சுருக்கமாகப் பார்க்கலாம்.

ஒன்று, மரம் நடு, கார்பனை எண்ணு என்பது. இதன் போதாமையைப் பதகாய்க்காவே காட்டிவிட்டது. லார்ச் காட்டில் பெரும்பங்கு கார்பன் மண்ணுக்குள் இருக்கிறது. மரத்தை மட்டும் எண்ணுவது பெட்டியை எண்ணிவிட்டுப் பணத்தை விட்டுவிடுவது மாதிரி.

இரண்டாவது, இதற்கு நேரெதிர். செர்ஸ்கி என்ற ஊருக்கு அருகே செர்கேய் ஸீமவ் 1996இல் ‘ப்ளீஸ்டோசீன் பூங்கா’ தொடங்கினார். பனியூழியில் இங்கே காடு இல்லை. மாமதமும் குதிரையும் மேய்ந்த புல்வெளிதான் உறைமண்ணைக் காத்தது. ஆகவே மேயும் மிருகங்களைத் திரும்பக் கொண்டுவந்தால் அவை பனியை மிதித்து அமுக்கும், குளிர் மண்ணுக்குள் இறங்கும் என்பது அவர் வாதம். குதிரை, காட்டெருமை, கஸ்தூரி எருது என்று விட்டிருக்கிறார். குளிர்காலத்தில் தளர்ந்த பனி மண்ணுக்குக் கம்பளி ஆகிறது என்பது உண்மைதான். ஸீமவின் வாதத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. ஆனால் வேலி போட்ட இருபது சதுர கிலோமீட்டர் அளவில் நடக்கும் சோதனையை முப்பது லட்சம் சதுர கிலோமீட்டருக்கு நீட்ட முடியுமா? பனி ஆப்பு நிறைந்த நிலத்தில் புல்வெளிக்காகக் காட்டை நீக்கினால், இடைப்பட்ட கோடைகளில் என்ன ஆகும் என்பதற்குச் சுராப்சா வயல்கள் பதில் சொல்கின்றன. ‘பழைய இயற்கைக்குத் திரும்புவோம்’ என்ற இந்தக் கதையாடலிலும் இப்போது அங்கே வாழ்கிறவர்கள் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, அங்கிருந்தே எழுந்த முயற்சிகள். சோவியத் யூனியன் உடைந்து, குடியரசுகள் கொஞ்சம் மூச்சுவிட்ட காலத்தில், 1994இல் சகா குடியரசு ‘ஈத்தீக் கெரே சிர்தெர்’ என்ற பெயரில் பாதுகாக்கப்பட்ட நிலங்களை உருவாக்க ஆரம்பித்தது. ‘போற்றுதலுக்குரிய அழகிய நிலங்கள்’ என்று பொருள். மொத்தப் பரப்பில் கால் பங்கையாவது பாதுகாப்புக்குள் கொண்டுவருவது என்பது அந்தப் பத்தாண்டில் வைத்த இலக்கு. 2018இல் உறைமண்ணைப் பாதுகாக்கவே தனிச் சட்டம் இயற்றியது. ரஷ்யாவில் அப்படி ஒரு சட்டம் போட்ட முதல் பிராந்தியம் அதுதான். சட்டத்தின் தலைப்பிலும் ‘என்றென்றைக்குமான உறைவு’ என்றுதான் இருக்கிறது. நிரந்தரமானதற்கு எதற்குப் பாதுகாப்பு? இந்த முரணைச் சட்டம் எழுதியவர்கள் உணர்ந்தார்களா தெரியாது. ஆனால் அந்தத் தலைப்பே தன் சொல்லைத் தானே கட்டுடைத்துக்கொள்கிறது.

இந்த மூன்றாவது வழியும் சுத்தமானது என்று நான் சொல்லவில்லை. வைரமும் எண்ணெயும் எரிவாயுவும் அந்தக் குடியரசின் வருமானம். கீழே இருப்பது மாஸ்கோவுக்குச் சொந்தம் என்னும்போது மேலே இருப்பதைப் போற்ற மட்டும் உரிமை கொடுத்தால் எவ்வளவு தூரம் போகும்? 2022 பிப்ரவரியில் உக்ரைன்மேல் ரஷ்யா படையெடுத்த பிறகு இன்னொரு நெருக்கடி. மேற்கத்திய நிறுவனங்கள் பல ரஷ்ய ஆய்வு நிலையங்களோடு கூட்டு வேலையை நிறுத்திவிட்டன. உலகத்து உறைமண்ணில் பெரும்பங்கு ரஷ்யாவில் இருக்கும்போது அங்கிருந்து வரும் தகவல் சுருங்கிவிட்டது. அதே வருஷம் செப்டம்பரில் ஆள்திரட்டல் ஆணை வந்தபோது யாகுட்ஸ்கில் பெண்கள் வட்டமாகக் கைகோத்து ஆடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஊரைக் காக்கத் தீ முன்னால் நிற்க வேண்டிய கைகளைத்தான் போர் கூட்டிக்கொண்டு போகிறது. பருவநிலையைப் பற்றிப் பேசும்போது இதையெல்லாம் ‘அரசியல்’ என்று தள்ளிவைத்துவிட்டுப் பேசுகிறவர்களிடம் எனக்குச் சண்டை இருக்கிறது.

என் நிலைப்பாடு இதுதான். லார்ச் காட்டில் பாதுகாக்க வேண்டிய அலகு மரம் அல்ல. மரமும் பாசியும் பனியும் அதன்மேல் வாழும் ஜனங்களும் ஒன்றையொன்று தாங்கும் உறவு. நடைமுறையில் இதற்கு அர்த்தம் உண்டு. பனி ஆப்பு நிறைந்த நிலத்தில் வெட்டவும் உழவும் தடை வேண்டும். தீயை அணைப்பதா வேண்டாமா என்ற கணக்கில் உறைமண் ஒரு பத்தியாக ஏற வேண்டும். அந்த முடிவை எடுக்கும் இடத்தில் அலாஸ்காரர்களும் மான் மேய்ப்பவர்களும் உட்கார வேண்டும். எங்கே எரியலாம், எங்கே எரியவே கூடாது என்று பிரித்துச் சொல்லும் அறிவு விஞ்ஞானிகளிடமும் இருக்கிறது, அவர்களிடமும் இருக்கிறது. இல்லாதது அதைக் கேட்கிற அரசு.

தமிழில் எழுதுகிற, மொழிபெயர்க்கிற நண்பர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. ‘நிரந்தர உறைபனி’ உருகுகிறது என்று எழுதும்போது வாக்கியமே தனக்குள் முரண்படுவதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ‘உறைமண்’ பிடிக்கவில்லை என்றால் வேறொரு சொல் சொல்லுங்கள், விவாதிக்கலாம். பில்லார், த்யூத்யா, தீம்ப்பி, அலாஸ் என்று ஒரு மொழி படிப்படியாகச் சொல்லி வைத்திருப்பதை, ‘என்றென்றைக்கும்’ என்று ஒரே சொல்லால் மூடிவிடுகிற வேலையில் நம் தமிழும் கூட்டுச் சேர வேண்டியதில்லை.